போதனாமொழியும் வாய்மையும்

உயர்கல்வி எம்மொழியில் வழங்கப்படல் வேண்டும் என்னும் வினா எமது நாட்டிற்குப் புதியதன்று. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் அது எம்மிடையே எழுந்துகொண்டேயிருக்கிறது. விடை கூறப் புகுந்தோர் பெரும்பாலும் பயன் என்னும் அளவுகோலையே கையாண்டுள்ளனர். ஆங்கிலத்திற் கற்றால் தொழில் கிடைக்கும், நூல்கள் கிடைக்கும், பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதவு திறக்கும் என்பர் ஒரு சாரார். தாய்மொழியிற் கற்றால் விளக்கம் தெளிவாகும், கற்றோர் தம் மக்களை விட்டு விலகார், மொழியும் வளம் பெறும் என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின் இவ்விரண்டினுள்ளும் அடங்காத வினா ஒன்று எஞ்சிநிற்கிறது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் வழங்காத சூழலிலிருந்து வந்த ஒரு மாணவனுக்கு ஆங்கிலத்திலே பாடம் நடத்தி, ஆங்கிலத்திலே அவனை வினவி, ஆங்கிலத்திலே விடை பெறும்போது, அவ்விடை அவனுடைய விடையாக இருக்கிறதா? தான் எண்ணுவதை அவன் சொல்கிறானா, அன்றித் தன்னாற் சொல்ல இயன்றதையே தன் எண்ணமாகக் காட்டிக்கொள்கிறானா? இதனை வாய்மை பற்றிய ஒரு வினாவாகக் கொண்டு, மெய்யியல் பயிலும் மாணவன் என்ற வகையில் ஆராய முற்படுகிறேன்.

முதலில் எமது பிரதேசத்து வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் தகும். 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, ஐரோப்பிய விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்திற் போதித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. அவ்வாறு ஆங்கிலத்திற் கற்ற தாமோதரம்பிள்ளைதான் பிற்காலத்திற் பழந்தமிழ் இலக்கண இலக்கியங்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர் என்பதை, ஆங்கிலக் கல்வியை முற்றாகப் பழிப்போர் மறத்தலாகாது. 1855 இல் அண்டர்சன் என்பார் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவுகளையடுத்து அச்செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தையே நாடிச் செல்கின்றனர் என்பது அக்குழுவினரின் மனக்குறைகளுள் ஒன்று. அந்நியராகிய மிஷனரிமார் தமிழ்வழிக் கல்வியை வேண்டினர். யாழ்ப்பாணத்துப் பெற்றோரோ ஆங்கிலத்தை வேண்டினர். இந்த விசித்திரம் இன்றும் எம்மை விட்டு முற்றாக நீங்கியதெனச் சொல்வதற்கில்லை.

இத்தொடர்பிற் சற்று விரிவாகக் கூறத்தக்கவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அவர், தொடக்கத்திற் சுதேச மாணவருக்கு ஆங்கிலத்திலேயே மேனாட்டு மருத்துவத்தைப் போதித்தார். அங்ஙனம் பயின்றோர் கிராமங்களில் தங்காது உத்தியோகம் தேடி வெளியேறக் கண்டு, 1860 களில் தமிழையே போதனாமொழியாக்கினார். இம்மாற்றத்திற் கவனிக்கத்தக்கது, அதன் சுமை யார்மீது விழுந்தது என்பதாகும். மொழிபெயர்க்கும் பொறுப்பை அவர் மாணவர் தலையிற் சுமத்தவில்லை. தாமே தமிழ் கற்றார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை முதலான துறைகளில் ஆங்கில நூல்களைத் தம் மாணவரின் துணையோடு தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’ போன்றவை அவ்வாறு தோன்றியவை. கலைச்சொற்களைத் திரட்டினார், இல்லாதவற்றை ஆக்கினார். அவரிடம் மருத்துவம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஓர் எலும்பின் பெயரைத் தமிழிற் சொல்வதற்கு ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்த மண்ணில், இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் போதனாமொழி ஆங்கிலமே. இதனைக் குறையாகக் கூறவில்லை. மருத்துவ அறிவு பெருகும் வேகத்தை மொழிபெயர்ப்பால் எட்டிப் பிடித்தல் இக்காலத்தில் எளிதன்று. கிறீன் தம் தோளில் ஏற்றுக்கொண்ட சுமையை இன்று யார் சுமக்கின்றனர் என்பதையே கேட்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் கதை எம் வாசகர் அறிந்ததே. 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம். இரண்டும் ஆங்கிலக் கூடங்கள். 1944 இற் சிங்களத்தைப் போதனாமொழியாக்கும்படி ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசாங்க சபையிற் கொண்டுவந்த பிரேரணையிலே, ‘தமிழும்’ என்னும் சொல்லைச் சேர்க்குமாறு வி. நல்லையா திருத்தம் கொணர்ந்தார். 1945 இன் பின் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக மேலேறி, 1960 அளவிற் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் வாயிலை எட்டின. என் போன்றோரின் பெற்றோரும் பேரன்மாரும் பல்கலைக்கழகத்தைக் கனவு காண முடிந்தது அதனாலேயே. அண்மைப் பத்தாண்டுகளில் ஓட்டம் மறுபடி திரும்பியுள்ளது. வர்த்தக, முகாமைத்துவப் பாடங்களைத் தொடர்ந்து, கலைப்பாடங்களும் பல இடங்களில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன, அல்லது மாறும்படி ஊக்குவிக்கப்படுகின்றன.

‘அந்நிய மொழியிற் கற்றல் புதுமையா? ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகள் இலத்தீனிலன்றோ கற்றனர்?’ என வினவுவாருளர். இவ்வாதம் மேலோட்டமாக வலிமையுடையது போலத் தோன்றும். பரிசிலும் பொலோனாவிலும் ஒக்ஸ்போட்டிலும் போதனாமொழி இலத்தீன். அதனைத் தாய்ப்பாலோடு பருகியவர் அங்கு எவருமிலர். குதிரை வணிகன் மகனும் பிரபுவின் மகனும் அதனைப் பள்ளியிலேயே கற்றாக வேண்டியிருந்தது. வசதி படைத்தவனுக்கு நல்ல ஆசான் கிடைத்திருக்கலாம். ஆயினும் மொழி எவன் வீட்டுக்கும் சொந்தமாக இருக்கவில்லை. எமது வகுப்பறையின் நிலை அதுவன்று. அங்கு பதினைந்து பேர் இருந்தால், அவர்களுள் இருவருக்கோ மூவருக்கோ ஆங்கிலம் வீட்டுமொழி; ஏனையோருக்கு அது பாடப்புத்தக மொழி. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பேச, மற்றவர் வாசற்படியில் நின்று மறுமொழி கூறவேண்டியுள்ளது. அந்த ஐரோப்பாவிலுங்கூட, 1687 இல் லைப்சிக் நகரிலே தோமாசியுஸ் என்பார் ஜேர்மன் மொழியில் விரிவுரை நிகழ்த்த முன்வந்தபோது அது பெரும் அதிர்ச்சியை விளைத்தது. அவர் தொடங்கிய வழி பின்னர் அகன்றது. 1770 இற் பேராசிரியர் பதவிக்காக இலத்தீனில் ஆய்வுரை எழுதிய கான்ற், தமது தலையாய நூலை 1781 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார்.

இப்பிரச்சினை வறிய நாடுகளுக்கு மட்டும் உரியதென்றும் எண்ணுதல் தவறு. இத்தாலியில் மிலான் தொழினுட்பப் பல்கலைக்கழகம் தன் பட்டமேற் படிப்புகள் அனைத்தையும் 2014 முதல் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதெனத் தீர்மானித்தபோது, அங்குள்ள விரிவுரையாளர் பலர் நீதிமன்றம் சென்றனர். 2017 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், ஆங்கிலப் பாடநெறிகள் இருக்கலாம், ஆனால் இத்தாலிய மொழியை முற்றாக வெளியேற்றும் அளவுக்குச் செல்லலாகாது எனத் தீர்ப்பளித்தது.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். தன் கதையைக் கட்டுரையிற் புகுத்துதல் மரபன்று என்பதை அறிவேன். ஆயினும் இவ்விடயத்தில் வேறு சான்று என்னிடமில்லை.

இரண்டாம் வருடத்தில் ஒழுக்கவியற் பாடத்தை ஆங்கிலத்திற் பயின்றேன். ரியூற்றோரியல் வகுப்பொன்றில், கான்ற் 1797 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையை எடுத்துக்கொண்டோம். கொலைஞன் ஒருவன் உன் வாசலில் வந்து, தான் கொல்லத் தேடும் உன் நண்பன் வீட்டினுள் இருக்கிறானா என வினவுகிறான். அந்நிலையிலும் நீ பொய்யுரைத்தல் ஆகாது என்பது கான்றின் முடிபு. வாய்மை எவர்க்கும் எவ்விடத்தும் நிபந்தனையின்றி உரிய கடமை. ஒருமுறை விலக்களித்தால் எல்லாச் சொல்லின் மீதும் உள்ள நம்பிக்கை குலைந்துவிடும் என்பார் அவர். விரிவுரையாளர் இதனைத் தெளிவாகவே விளக்கினார். அன்பானவர், எம்மைப் பேசவைக்க வேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவர். ஒவ்வொருவராக வினவிக்கொண்டு வந்தார்: கான்றின் முடிபை ஏற்கிறீரா?

நான் ஏற்கவில்லை. என் உள்ளத்தில் மறுப்பு முழுமையாக இருந்தது. வாய்மை அதிகாரத்திலே வள்ளுவர், குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்மையும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று கொண்ட நிலைப்பாடு நாவின் நுனியில் நின்றது. அதற்கும் மேலாக, சொல்வதற்கு என்னிடம் வேறொன்றும் இருந்தது. அதனைப் பின்னர் கூறுவேன். என் முறை வந்தபோது, ‘ஆம், ஏற்கிறேன்’ என்றேன்.

ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதைப் பலநாள் சிந்தித்திருக்கிறேன். அச்சம் என்பது முழு விடையன்று. ‘ஆம்’ என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார். ‘இல்லை’ என்று சொன்னால் ‘ஏன்’ என்பார். அந்த ‘ஏன்’ என்பதற்கு ஐந்தாறு வாக்கியங்கள் வேண்டும்; அவை ஒன்றோடொன்று கொளுவி நிற்க வேண்டும்; ‘ஆயினும்’, ‘அவ்வாறிருப்பின்’, ‘அஃதன்றி’ என்னும் சொற்கள் உரிய இடத்தில் விழவேண்டும். என்னிடமிருந்த ஆங்கிலம் பெயர்களையும் வினைகளையும் உடையது. இணைப்புச் சொற்கள் இல்லாதது. உடன்படுவதற்கு ஒரு சொல் போதும். மறுப்பதற்கு ஒரு மொழி வேண்டும். எனவே ஓர் எண்ணத்தை எனக்குரியதாக்கியது என் நியாயமன்று, என் சொற்பஞ்சமே. வாய்மையை எந்நிலையிலும் கைவிடலாகாது என்னும் கொள்கையை ஏற்பதாக நான் பொய்யுரைத்தேன். அரையாண்டு இறுதிப் பரீட்சையில் அதே பொய்யை, மனனஞ் செய்த வாக்கியங்களில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, நல்ல புள்ளியும் பெற்றேன். தோல்வியடைந்திருந்தால் இத்தனை வருந்தியிருக்கமாட்டேன்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவன் மட்டும் குறிப்புகளை மனனஞ் செய்வதில்லையா? செய்கிறான், வேண்டிய மட்டும் செய்கிறான். ஆனால் மறுக்க விரும்பும் நாளில் அவனால் மறுக்க முடியும். அவன் வாளாவிருப்பின் அது அவன் தெரிவு. ஆங்கில வகுப்பில் எமது மௌனத்துக்குள் அறியாமையும் உண்டு, உடன்பாடும் உண்டு, கடும் மறுப்பும் உண்டு. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு மூன்றும் ஒன்றே. விரிவுரையாளரும் இதிற் பங்காளராகிவிடுகிறார். மாணவர் விளங்கிக்கொள்ளவில்லையென்பதை உணர்ந்து குறிப்புகளைச் சுருக்குகிறார். குறிப்புகளிலிருந்தே விடையளிக்கத்தக்க வினாக்களை இடுகிறார். இலக்கணப் பிழைகளைப் பாராது புள்ளியிடுகிறார். இரக்கத்தாற் செய்வதுதான். விளங்கியதாக நாம் நடிப்பதும், அதனை நம்பியதாக அவர் நடிப்பதுமாக ஒரு வழக்கம் நிலைபெற்றுவிடுகிறது.

அப்படியாயின் கற்றல் எங்கு நிகழ்கிறது? ‘குப்பி’யில் நிகழ்கிறது. எமது பல்கலைக்கழகங்களிற் பயின்ற எவர்க்கும் இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்திய இரவுகளில், விடுதி அறையொன்றில், விடயத்தை விளங்கிக்கொண்ட சக மாணவர் ஒருவர் ஏனையோருக்கு எடுத்துரைக்கும் வகுப்பு அது. விளக்குவது தமிழில். பகலில் ஆங்கிலத்தில் நடந்த பாடநெறி இரவிலே தமிழில் மறுபடியும் நடக்கிறது. ஆனால் எந்தக் கால அட்டவணையிலும் அது இல்லை, அதை நடத்துபவருக்கு வேதனமுமில்லை. கிறீன் சுமந்த சுமையை இன்று சுமப்பவர் இருபத்திரண்டு வயதான, அடுத்தநாள் தாமும் பரீட்சை எழுதவேண்டிய, ஒரு மாணவர். அங்குதான் ‘ஏன்’ என்னும் வினா எழக் கேட்டேன். அங்குதான் ஒருவர், ‘கான்றுக்கு விசரா?’ என்று கேட்க, இன்னொருவர் கான்றின் பக்கம் நின்று ஒருமணி நேரம் வாதாடினார். அந்த வாதத்தில் ஒரு வாக்கியங்கூட விடைத்தாளில் ஏறவில்லை.

இவையனைத்தையும் நோக்கி, மீண்டும் தமிழ்மொழி மூலமே எல்லாம் நடக்கட்டும் என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூற என்னால் இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் நூல்கள். மெய்யியலில் இன்று தமிழில் உள்ளவற்றைக் கொண்டு ஒரு சிறப்புப் பட்டத்தை நேர்மையாக முடிக்க முடியுமென யாரும் துணிந்து கூறார். இன்னொரு காரணம், வேற்றுமொழி எம் சொற்களை எமக்கே காட்டித்தருகிறது என்பது. கான்றின் கடமைக் கோட்பாட்டை ஆங்கிலத்திற் படித்த பின்னரே, ‘கடமை’ என்னும் எமது சொல் ‘கடன்’ என்பதற்கு எத்துணை நெருக்கமானது என்பதை எண்ணினேன். பழந்தமிழிற் கடன் என்பதே கடமையைக் குறித்தது; சோழர் சாசனங்களிற் கடமை என்பது செலுத்தவேண்டிய வரி. எமக்குக் கடமை என்பது யாருக்கோ கொடுத்துத் தீர்க்கவேண்டிய ஒன்று; அதற்குப் பெறுநர் உண்டு. கான்றுக்கோ அது ஒரு விதி. பெறுநர் எவருமில்லாவிடினும் அது நிற்கும். தமிழ் மட்டும் தெரிந்திருந்தால் இவ்வேறுபாடு எனக்குப் புலப்பட்டிராது. ஆங்கிலம் மட்டும் தெரிந்திருந்தாலும் புலப்பட்டிராது.

இவற்றினும் கனமான காரணம் எம் நாட்டுக்கே உரியது. சுயமொழிக் கல்வி எமக்குக் கதவைத் திறந்த அதேவேளை, ஒரே வளாகத்திற் சிங்கள மாணவரையும் தமிழ் மாணவரையும் வெவ்வேறு அறைகளில் அமர்த்தியது. ஒரே பாடத்தை, ஒரே நாளில், சுவரின் இருபுறமும் கற்றோம். இருசாராரும் ஒருங்கே அமரும் அறை ஆங்கில அறையொன்றே. அங்கு அமர்ந்தபோதுதான் மொனராகலையிலிருந்து வந்த ஒரு நண்பனும் என்னைப் போலவே மௌனம் சாதிப்பதைக் கண்டேன். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பர். வாள் என்பது பொருள். ஆங்கிலம் பேசி ஒருவரை மடக்குதலை வாளால் வெட்டுதல் என்றே சொல்வர். இவ்வழக்கைத் தலைப்பிற் கொண்டு பேராசிரியர் திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரை, எம் பல்கலைக்கழகங்களில் அம்மொழிக்குள்ள அதிகாரத்தை ஆராய்கிறது. அந்த வாளின் முன் என் நண்பனும் நானும் ஒரே பக்கத்தில் நின்றோம்.

ஆகவே ஆங்கிலத்திற் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்று, அம்மொழியைத் தெரிந்தெடுத்தது தானே என்பதால், அதன் விலையில் ஒரு பங்கைத் தானும் செலுத்தக் கடமைப்பட்டுள்ளது. பெறுநர் உள்ள கடமை இது. முதலாண்டிற் சில மாத ஆங்கில வகுப்பு நடத்திவிட்டு, இனி நீ அம்மொழியிற் சிந்திப்பாய் என எதிர்பார்ப்பது கடனைத் தீர்த்ததாகாது. ரியூற்றோரியலில் ஒரு மாணவன் தமிழிலோ சிங்களத்திலோ தன் நியாயத்தைத் தொடங்கவும், அறிந்த சக மாணவர் அதனை ஆங்கிலத்திற் சொல்லவும் இடமளித்தால் என்ன குறைந்துவிடும்? நேரம் செல்லும் என்பர். செல்லட்டும். குப்பியில் நாம் செலவிடும் நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை. விடைத்தாளில் ஒரு வினாவையேனும் விரும்பிய மொழியில் எழுதலாம் என்று விதிப்பதும் இயலாததன்று. திருத்துவோரைத் தேடவேண்டியிருக்கும், அவ்வளவே. இவை சிறிய ஏற்பாடுகள். மொழிபெயர்ப்பு என்னும் பெரும்பணி இவற்றால் நிறைவேறாது. ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல விரும்பும் ஒருவன் ‘ஆம்’ என்று சொல்ல நேராது.

அன்று நான் சொல்லாது விட்டதை இப்போது கூறுகிறேன். 1983 யூலையில் என் தாயாருக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில், வாடகை வீடொன்றிற் குடும்பம் இருந்தது. கும்பல் தெருவுக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையார் என் பாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் தம் வீட்டுப் பின்னறையிற் பூட்டிவைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். தமிழர் எவரேனும் உள்ளே இருக்கின்றனரா என்று கேட்டனர். இல்லை, எல்லோரும் நேற்றே போய்விட்டனர் என்றார். இரண்டாம் முறை கேட்டபோதும் அவ்வாறே சொன்னார். பின்னர் என் தாயார் குடும்பத்தோடு அகதிமுகாமிலிருந்து, கப்பலிற் காங்கேசன்துறை சென்று சேர்ந்தார்.

கான்றின் உதாரணம் எனக்கு உதாரணமாகவே இருக்கவில்லை என்பதை அந்த அறையிற் சொல்லியிருக்கவேண்டும். தமிழ் வகுப்பிற் சொல்லியிருந்தால் அறிந்தவர்களே கேட்டிருப்பர். சிங்கள மாணவரும் கேட்கும்படி அதனைச் சொல்லக்கூடிய ஒரே அறை அதுதான். சொல்லவொட்டாது தடுத்த மொழியும் அந்த அறையின் மொழிதான்.

பல கிழமைகளின் பின், நூலகப் படிக்கட்டில் இருந்துகொண்டு, பாதி ஆங்கிலமும் பாதிச் சிங்களமுமாக மொனராகலை நண்பனுக்கு அதைச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. அவன் சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த அம்மையார் இப்போதும் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். 1990 இல் யுத்தம் மீண்டும் மூளும்வரை ஆண்டுக்கொரு கடிதம் அவரிடமிருந்து வந்ததாம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பாராம். பாட்டனார் அதனை வாசித்து, எல்லோருக்கும் தமிழிற் சொல்வாராம்.